சூயஸ் கரையில் பத்தாம் டிவிஷன்

மத்தியதரைக் கடலையும் செங்கடலையும் இணைக்கும் சூயஸ் கால்வாய் உலக வணிகத்தின் குரல்வளை. 2021 மார்ச்சில் ‘எவர் கிவன்’ என்னும் சரக்குக் கப்பல் அதன் குறுக்கே சிக்கி ஆறு நாட்கள் அசையாது நின்றபோது, உலகம் முழுவதும் அதன் நெருக்கடியை உணர்ந்தது. அக்கப்பலில் பணியாற்றிய மாலுமிகள் 25 பேரும் இந்தியர் என்ற செய்தியைப் பலர் படித்திருக்கலாம். ஆனால் அதற்கு நூறாண்டுகளுக்கு முன்பு, அதே கால்வாயின் கரையில் பதுங்குகுழி தோண்டி, துப்பாக்கி ஏந்தி இரவும் பகலும் காவல் நின்றோரில் மிகப் பெரும்பாலோர் இந்தியரே என்பதை அறிந்தோர் சிலரே. அவர்களுள் கணிசமானோர் முஸ்லிம்கள் என்பதும், அவர்கள் எதிர்கொண்டது முஸ்லிம்களின் கலீஃபாவுடைய படையை என்பதும் இன்னும் குறைவாகவே பேசப்பட்டுள்ளன.

முதல் உலகப் போரின்போது எகிப்தில் உருவாக்கப்பட்ட பத்தாம் இந்திய டிவிஷனின் வரலாறு ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட வரலாறே. எனினும் அச்சிறு காலத்திற்குள் உம்மத்தின் மனசாட்சியைப் பிளந்த ஒரு பெருங்கேள்வி அடங்கியிருக்கிறது.

அமீருல் முஃமினீனின் கால்வாய்

இரு கடல்களையும் நீர்வழியே இணைக்கும் எண்ணம் ஐரோப்பியர் தந்ததன்று. ஹிஜ்ரி 18-ஆம் ஆண்டில் ஹிஜாஸைப் பெரும்பஞ்சம் வாட்டியது. சாம்பல் ஆண்டு எனப் பொருள்படும் ‘ஆமுர் ரமாதா’ என்று அதனை வரலாற்றாசிரியர்கள் குறிப்பர். அதன் பின்னர் கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆணைப்படி எகிப்தின் ஆளுநர் அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள், தூர்ந்து கிடந்த பழைய கால்வாயைத் தோண்டிச் சீர்படுத்தினார்கள். ஃபுஸ்தாத் நகருக்கு அருகே நைல் நதியில் தொடங்கி, இன்றைய சூயஸ் நகரின் அருகிலிருந்த குல்ஸும் துறைமுகம் வரை சென்ற அக்கால்வாய் ‘கலீஜ் அமீருல் முஃமினீன்’ எனப் பெயர் பெற்றது. எகிப்தின் தானியம் அதன் வழியே செங்கடலை அடைந்து, ஜார் துறைமுகத்தில் இறங்கி, மதீனாவின் அடுப்புகளை எரிய வைத்தது.

அப்பாஸிய கலீஃபா மன்ஸூரின் காலத்தில் மதீனாவில் முஹம்மத் நஃப்ஸுஸ் ஸகிய்யா கிளர்ந்தெழுந்தபோது, அந்நகருக்குத் தானியம் செல்லாதபடி அக்கால்வாய் அடைக்கப்பட்டது. பசித்தோருக்கு உணவு கொண்டு செல்ல வெட்டிய நீர்வழி, பசியையே ஆயுதமாக்குவதற்காக மூடப்பட்டது. பிற்காலத்தில் ஹாரூன் ரஷீத் இரு கடல்களையும் நேரடியாக இணைக்க விரும்பியதாகவும், ரோமானியரின் கப்பல்கள் செங்கடலுக்குள் புகுந்து ஹரம் ஷரீஃபின் ஹாஜிகளையே சிறைபிடிக்கக்கூடும் என்று அமைச்சர் யஹ்யா பர்மகீ எச்சரித்ததால் அதனைக் கைவிட்டதாகவும் மஸ்ஊதீ எழுதியிருக்கிறார். கால்வாய் ஒன்று வெட்டப்பட்டால் அதனைக் காப்பவன் யார், அதன் வழியே வருபவன் யார் என்ற கேள்விகளும் உடன் எழும் என்பதை அந்த அமைச்சர் அறிந்திருந்தார்.

1869-க்குப் பின்

1869 நவம்பர் 17-இல் இன்றைய சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி இலண்டனிலிருந்து பம்பாய் வர 10,000 கடல் மைலுக்கு மேல் செல்ல வேண்டியிருந்தது. கால்வாய் வழியே 6,000 கடல் மைல் சொச்சமே. இந்தியாவை ஆண்ட பிரிட்டனுக்கு அது உயிர்நாடியாயிற்று. 1882-இல் கர்னல் அஹ்மத் உராபி பாஷாவின் தேசிய எழுச்சியை ஒடுக்குவதாகக் கூறி, பிரிட்டிஷ் படை அக்கால்வாய் வழியாகவே எகிப்துக்குள் நுழைந்தது. அப்படையில் இந்தியாவிலிருந்து சென்ற பிரிவும் இருந்தது. அதிலே சென்னைச் சாப்பர்ஸ் படையினரும் இருந்தனர். ‘தல்லுல் கபீர்’ போர்க்களத்தின் பெயர் இன்றும் அப்படையின் வீரப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது.

தோல்வியுற்ற உராபி பாஷாவை ஆங்கிலேயர் இலங்கைக்கு நாடு கடத்தினர். கொழும்பிலும் கண்டியிலும் 18 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த அவரை அங்குள்ள முஸ்லிம்கள் அன்போடு வரவேற்றனர். 1892-இல் கொழும்பு ஸாஹிராக் கல்லூரி தோன்றியதில், சித்தி லெப்பை முதலானோரின் உழைப்போடு அவரது ஊக்கமும் கலந்திருந்தது. உராபியை வீழ்த்தியோரில் தமிழ் பேசியவர்களும் இருந்தனர். அவரைத் தாங்கிக் கொண்டதும் தமிழ் பேசிய முஸ்லிம் சமூகமே. சூயஸின் வரலாறு நமக்கு அயலார் கதையன்று.

1888-இல் கான்ஸ்டாண்டிநோபிளில் கையெழுத்தான உடன்படிக்கை, போர்க்காலத்திலும் அமைதிக்காலத்திலும் எந்நாட்டுக் கப்பலுக்கும் கால்வாய் திறந்திருக்கும் என்று உறுதியளித்தது. ஏட்டில் எகிப்து உதுமானியப் பேரரசின் பகுதியாகவே நீடித்தது. நடப்பில் அது ஆங்கிலேயரின் பிடியில் இருந்தது. இந்த இரட்டை நிலை 1914 வரை தொடர்ந்தது.

டிவிஷன் உருவான விதம்

1914 செப்டம்பர் 22 இரவு ‘எம்டன்’ என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டெரித்தது. சென்னை மக்களுக்குப் போர் என்பது அன்றுதான் கண்முன் வந்தது. அக்கப்பல் நவம்பர் 9-இல் கோகோஸ் தீவருகே அழிக்கப்பட்டது. அதிலிருந்து முன்னரே கரையிறங்கியிருந்த வீரர் குழுவொன்று யமனின் ஹுதைதா துறைமுகத்தை அடைந்து, ஹிஜாஸ் ரயில்பாதை வழியாக 1915-இல் இஸ்தான்பூல் போய்ச் சேர்ந்தது. நம் கடற்கரையைச் சுட்டவர்கள் ஹாஜிகளுக்காக அமைந்த ரயிலில் பயணம் செய்து தப்பினர். அப்போர் எத்தனை திசைகளைப் பின்னிப் பிணைத்தது என்பதற்கு இதுவே சான்று.

1914 அக்டோபர் இறுதியில் உதுமானியக் கடற்படை கருங்கடலில் ரஷ்யத் துறைமுகங்களைத் தாக்கியது. நவம்பர் 5-இல் பிரிட்டன் துருக்கியின்மீது போர் அறிவித்தது. டிசம்பரில் எகிப்தைத் தன் பாதுகாப்பு நாடாக அறிவித்து, கெதிவ் இரண்டாம் அப்பாஸ் ஹில்மியை நீக்கி, ஹுசைன் காமிலை சுல்தானாக அமர்த்தியது. பிரிட்டனின் தேர்ந்த படைகள் பிரான்சின் போர்முனையில் சிக்கியிருந்தன. எனவே கால்வாயைக் காக்கும் பொறுப்பு இந்தியப் படையின் தோளில் விழுந்தது.

1914 டிசம்பர் 24-இல் பத்தாம், பதினோராம் இந்திய டிவிஷன்கள் எகிப்திலேயே அமைக்கப்பட்டன. பத்தாம் டிவிஷனில் 28, 29, 30 ஆகிய எண்களைக் கொண்ட மூன்று பிரிகேடுகள் இடம்பெற்றன. 22-ஆம் பிரிகேடும் சமஸ்தானப் படைகளும் பதினோராம் டிவிஷனில் சேர்ந்தன. பிக்கானீர் ஒட்டகப் படை பாலைவனத்தில் ரோந்து சென்றது. ஐதராபாத், மைசூர், பாட்டியாலா சமஸ்தானங்களின் குதிரைப்படைகளும் வந்தன. கால்வாய்ப் பாதுகாப்பின் தலைமைப் பொறுப்பு மேஜர் ஜெனரல் அலெக்சாண்டர் வில்சனிடம் இருந்தது; தலைமையகம் இஸ்மாயிலிய்யா. கால்வாய் மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. போர்ட் ஸெய்த் அருகே கரையை வெட்டி, கிழக்கிலிருந்த உப்புச் சமவெளியை நீரில் மூழ்கடித்து, காக்க வேண்டிய எல்லையைச் சுருக்கினர். பிரிட்டிஷ், பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் கால்வாய்க்குள்ளேயே நங்கூரமிட்டு மிதக்கும் கோட்டைகளாக நின்றன.

எண்களில் ஒளிந்த சென்னை

அந்தக் கரையில் நின்ற பட்டாளங்களின் பெயர்ப் பட்டியலைப் பார்ப்போர், 62-ஆம் பஞ்சாபியர், 69-ஆம் பஞ்சாபியர், 76-ஆம் பஞ்சாபியர், 89-ஆம் பஞ்சாபியர், 92-ஆம் பஞ்சாபியர் என்று படித்து, இவர்களுக்கும் நமக்கும் என்ன தொடர்பு எனக் கேட்கலாம். தொடர்பு அந்த எண்களில்தான் இருக்கிறது. 1903-இல் கிச்சனர் பிரபு இந்தியப் படைகள் அனைத்தையும் ஒரே வரிசையில் எண்ணிட்டபோது, சென்னைப் படையின் பட்டாளங்களுக்குப் பழைய எண்ணோடு 60 கூட்டப்பட்டது. 62 என்பது பழைய சென்னை இரண்டாம் பட்டாளம், 69 ஒன்பதாவது, 76 பதினாறாவது, 89 இருபத்தொன்பதாவது, 92 முப்பத்திரண்டாவது. கர்நாடகப் போர்களின் காலத்திலிருந்து தமிழரும் தெலுங்கரும் தக்காண முஸ்லிம்களும் பணியாற்றிய பட்டாளங்கள் இவ்வரிசையில் உண்டு. பரங்கிமலையும் பல்லாவரமும் இன்று தாம்பரம் செல்லும் மின்ரயிலின் நிறுத்தங்களாக மட்டுமே பலருக்குத் தெரியும். அவை அந்தச் சென்னைப் படையின் பாளையங்களாக இருந்த ஊர்கள்.

1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டார் போருக்கு ஏற்றவர் அல்லர் என்ற கொள்கையை வலியுறுத்தியவர். ‘போர்க்குணம் படைத்த இனங்கள்’ என்ற அக்கோட்பாடு பின்னர் அரசின் கொள்கையே ஆயிற்று. சென்னைப் பட்டாளங்கள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன; அல்லது எண்ணும் கொடியும் அப்படியே இருக்க, ஆட்கள் மட்டும் பஞ்சாபியராக மாற்றப்பட்டனர். விலக்காக நிலைத்தவற்றுள் முதன்மையானது பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட சென்னைச் சாப்பர்ஸ். ‘தம்பி’ என்னும் செல்லப் பெயர் பெற்ற அப்படையின் ஒரு கம்பெனி சூயஸ் கரையிலும் பணியாற்றியது.

ஒருவரைப் ‘போர்க்குணம் அற்றவர்’ என்று ஒதுக்கியதும், மற்றொருவரைப் ‘போர்க்குணம் உடையவர்’ என்று புகழ்ந்து களத்திற்கு அனுப்பியதும் ஒரே கைதான். அந்தப் புகழ்ச்சியை நம்பிய பஞ்சாப் முஸ்லிமுக்கு அது பெரும் விலையைக் கேட்டது.

ஃபத்வாவும் மாதம் 11 ரூபாயும்

1914 நவம்பர் 14-இல் இஸ்தான்பூலின் ஃபாத்திஹ் பள்ளிவாசலில் ஷைகுல் இஸ்லாம் ஹைரி எஃபெந்தியின் ஃபத்வா வாசிக்கப்பட்டது. ஐந்து வினாக்களும் விடைகளுமாக அமைந்த அதன் சாரம், ரஷ்யா, பிரிட்டன், பிரான்ஸ் ஆகியவற்றின் ஆட்சியில் வாழும் முஸ்லிம்களுக்கும் ஜிஹாத் கடமை என்பதும், அந்நாடுகளின் படையில் சேர்ந்து கலீஃபாவின் படையை எதிர்ப்பது பெரும்பாவம் என்பதும் ஆகும். கலீஃபாவின் கூட்டாளிகளான ஜெர்மனியையும் ஆஸ்திரியாவையும் எதிர்ப்பதும் அதில் பாவமாகவே சொல்லப்பட்டது. இதைச் சுட்டிக்காட்டி, டச்சு அறிஞர் ஸ்னூக் ஹுர்குரோன்யே இது ஜெர்மனியில் தயாரான ஜிஹாத் என்று கேலி செய்தார். காலனி அரசின் ஆலோசகராக இருந்த அவரது கேலியில் நேர்மை குறைவே. ஆயினும் கேள்வியில் உண்மை இல்லாமல் இல்லை.

இந்தியாவில் ஆங்கில அரசு முன்கூட்டியே செயல்பட்டது. மக்கா, மதீனா முதலிய புனிதத் தலங்களும் ஜித்தா துறைமுகமும் தாக்கப்பட மாட்டா என்று வைஸ்ராயின் பிரகடனம் வெளியாயிற்று. ஐதராபாத் நிஜாமும் ஆகா கானும் பிரிட்டனுக்கு விசுவாசமாக இருக்குமாறு முஸ்லிம்களுக்கு அறிவுறுத்தினர். மௌலானா முஹம்மத் அலியின் ‘காம்ரேட்’, மௌலானா ஆஸாதின் ‘அல்ஹிலால்’ ஆகிய இதழ்களின் குரல் அடக்கப்பட்டது. 1915-இல் அலி சகோதரர்கள் காவலில் வைக்கப்பட்டனர். அதே ஆண்டு ஹிஜாஸ் சென்ற ஷைகுல் ஹிந்த் மஹ்மூதுல் ஹஸன் (ரஹ்) அவர்கள் பின்னர் அங்கே கைதாகி மால்டாவில் சிறைவைக்கப்பட்டார்கள்.

சூயஸ் கரையிலிருந்த சிப்பாய் இந்த விவாதங்களின் நடுவே நிற்கவில்லை. அவன் கையில் துப்பாக்கி இருந்தது, எதிரே பாலைவனம் இருந்தது. அவன் மாத ஊதியம் 11 ரூபாய். ஓய்வுக்குப் பின் பஞ்சாபின் பாசனக் கால்வாய்க் குடியேற்றங்களில் நிலம் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் அவனுக்கு உண்டு. ஊரில் உள்ள கால்வாயில் ஒரு துண்டு நிலத்திற்காக, அந்நிய நாட்டின் கால்வாயைக் காக்க அவன் வந்திருந்தான். மறுபுறம், அவனை மாற்றவும் முயற்சிகள் நடந்தன. பாரதியாரின் ‘இந்தியா’ இதழோடு தொடர்புடையவரும் சென்னையில் பிறந்தவருமான எம்.பி.டி. ஆச்சார்யா, பெர்லினிலிருந்த இந்தியப் புரட்சியாளர் குழுவின் சார்பில் துருக்கி சென்று, சூயஸ் முனையின் இந்தியச் சிப்பாய்களை நோக்கிய பரப்புரை முயற்சியில் ஈடுபட்டார். கலீஃபாவின் பெயரால் முஸ்லிமை அழைக்க ஒரு வைணவக் குடும்பத்துப் பிள்ளை பாலைவனம் வரை சென்றது அக்காலத்தின் விசித்திரங்களுள் ஒன்று.

தூசூம் கரையில் ஓர் இரவு

உதுமானியத் தளபதி ஜமால் பாஷா, ஜெர்மானிய அதிகாரி கிரெஸ் துணையோடு சுமார் 20,000 பேரைத் திரட்டினார். நீரற்ற ஸீனாய் பாலையைப் பீருஸ் ஸபஃ நகரிலிருந்து, பெரும்பாலும் இரவிலேயே நடந்து அவர்கள் கடந்தனர். கால்வாயைக் கடப்பதற்கான இரும்புப் படகுகளையும் மணலில் இழுத்து வந்தனர். துருக்கியரோடு சிரியாவின் அரபு வீரர்களும் அப்படையில் இருந்தனர். அவ்வளவு பெரிய படையும் பீரங்கிகளும் அப்பாலையைக் கடந்ததே எதிர்த்தரப்பையும் வியக்க வைத்த சாதனை.

1915 பிப்ரவரி 2 அன்று மணற்புயல் வீசியது. அன்றிரவு விடிவதற்குச் சில மணி நேரம் முன்பு, திம்ஸாஹ் ஏரிக்குத் தெற்கே தூசூம், செராபியம் ஆகிய இடங்களுக்கு இடையே படகுகள் கால்வாயில் இறக்கப்பட்டன. மேற்குக் கரையிலிருந்த எகிப்தியப் பீரங்கி அணியும் 62-ஆம் பஞ்சாபியரும் 128-ஆம் பயனியர்களும் சுட்டனர். மூன்று படகுகளே மேற்குக் கரையை அடைந்தன. அவற்றில் வந்தோர் கொல்லப்பட்டனர் அல்லது பிடிபட்டனர். விடிந்ததும் போர்க்கப்பல்களின் பீரங்கிகள் முழங்கின. துருக்கியரின் கனரகப் பீரங்கி ‘ஹார்டிஞ்ச்’ என்னும் கப்பலைச் சேதப்படுத்தியது. மறுநாள் கிழக்குக் கரையில் எஞ்சியோர் சரணடைந்தனர். ஜமால் பாஷா படையைப் பின்வாங்கினார்.

உதுமானியர் தரப்பில் கைதானோர் மட்டும் 700-க்கு மேல். காத்து நின்ற படையில் இறந்தவர்கள் 32 பேர். காயமுற்றோர் சுமார் 130 பேர். போரின் கணக்கில் இது சிறிய சண்டையே. ஆனால் ஜமால் பாஷாவின் திட்டம் படகுகளை மட்டும் நம்பியதன்று. கலீஃபாவின் கொடியைக் கண்டதும் எகிப்து கிளர்ந்தெழும், முஸ்லிம் சிப்பாய்கள் தயங்குவர் என்ற எதிர்பார்ப்பும் அதற்கு அடிப்படை. இரண்டும் அன்று நடக்கவில்லை.

கரையிலிருந்து கலைந்த பிரிகேடுகள்

1915-இலேயே டிவிஷன் சிதறத் தொடங்கியது. 29-ஆம் பிரிகேடு கலிபோலி சென்றது. அங்கே முஸ்லிம் கம்பெனிகளைக் கொண்ட 69, 89-ஆம் பஞ்சாபியர் பட்டாளங்கள், துருக்கியருக்கு எதிரே நிறுத்துவது உகந்ததன்று எனக் கருதப்பட்டுப் பிரான்சுக்கு மாற்றப்பட்டன. சூயஸில் கிடைத்த வெற்றியைக் கொண்டாடிய தலைமைக்கே தன் சிப்பாயின் உள்ளத்தில் முழு நம்பிக்கை இல்லை என்பதை இது காட்டுகிறது. 28-ஆம் பிரிகேடு ஏடனுக்கும் பின்னர் இராக்குக்கும் அனுப்பப்பட்டது. 30-ஆம் பிரிகேடு இராக் சென்று கூத் நகரில் முற்றுகையில் சிக்கியது. 1916 ஏப்ரல் 29-இல் கூத் வீழ்ந்தபோது, சூயஸ் கரையில் காவல் நின்ற 24, 76-ஆம் பஞ்சாபியர் துருக்கியரின் கைதிகளாயினர். அவ்வாண்டிலேயே பத்தாம் டிவிஷன் முற்றாகக் கலைக்கப்பட்டது.

தயங்கியோரும், மறுத்தோரும் உண்டு. தூசூம் சண்டை முடிந்த இரு வாரங்களுக்குள், 1915 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூரில் முஸ்லிம்களைக் கொண்ட ஐந்தாம் இலகு காலாட்படை கிளர்ச்சி செய்தது. ஹாங்காங் செல்லவிருந்த அவர்களிடையே, துருக்கியரோடு போரிட அனுப்பப்படப் போகிறோம் என்ற பேச்சு பரவியிருந்தது. 47 பேர் பொதுமக்கள் கண்முன் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1916-இல் பஸராவில் 15-ஆம் லான்சர்ஸ் குதிரைப்படையினர், புனிதத் தலங்கள் உள்ள நிலத்தில் சக முஸ்லிம்களை எதிர்த்துச் செல்ல மறுத்துத் தண்டனை பெற்றனர்.

தீர்ப்பு யாரிடம்?

அந்தச் சிப்பாய்களை எவ்வாறு மதிப்பிடுவது? ‘கூலிக்குத் தீனை விற்றவர்கள்’ என்று ஒரே சொல்லில் ஒதுக்குவோர் உண்டு. ‘நாட்டுக்காகப் போரிட்ட தியாகிகள்’ என்று இன்று மாலை சூட்டுவோரும் உண்டு. இரண்டும் எளிய விடைகள். வரலாறு அவ்வளவு எளிதன்று.

மார்க்கச் சட்டத்தின் நோக்கில் உலமாக்களிடமே ஒருமித்த முடிவு இல்லை. அமான், அதாவது பாதுகாப்பு உடன்படிக்கையின் கீழ் வாழும் முஸ்லிம் அவ்வுடன்பாட்டை மீறலாகாது என்பது ஒரு வாதம். அந்த அமான், முஸ்லிமைக் கொல்லும் பணிக்குச் சம்மதம் ஆகாது என்பது மறு வாதம். இரு முஃமின் கூட்டத்தார் போரிட்டுக் கொண்டால் செய்ய வேண்டியது என்ன என்பதை ஹுஜுராத் அத்தியாயத்தின் ஒன்பதாம் வசனம் பேசுகிறது; சமாதானமே அதன் முதற்கட்டளை. சமாதானம் செய்து வைக்க அன்று யாருக்கும் அதிகாரம் இல்லை. கலீஃபாவின் பெயரால் அழைத்தவர்கள் பெர்லினோடு ஒப்பந்தம் செய்திருந்தனர். புனிதத் தலங்களின் பெயரால் உறுதியளித்தவர்கள் 1916-இல் பிரான்சோடு இரகசியமாக அரபு நிலத்தைப் பங்கிட்டனர். 1917-இல் பால்ஃபர் பிரகடனம் வெளியிட்டனர். 1924 மார்ச் 3-இல் கிலாஃபத்தை ஒழித்தது அந்நியர் அல்லர், அங்காராவின் சட்டமன்றமே. இவர்கள் அனைவரின் கணக்கையும் மாதம் 11 ரூபாய் வாங்கிய சிப்பாயின் தலையில் ஏற்றுவது நீதியன்று.

ஆனால் அவனிடமும் ஒரு பொறுப்பு இருந்தது என்பதைச் சிங்கப்பூரிலும் பஸராவிலும் மறுத்து நின்றவர்கள் காட்டுகின்றனர். அவர்களும் அதே ஊதியம் பெற்றவர்களே. சுட்டவனை இகழாமலும், மறுத்தவனை மறக்காமலும் இவ்வரலாற்றைப் படிப்பதே நடுநிலை.

கல்லில் எஞ்சியவை

எகிப்து, பாலஸ்தீனக் களங்களில் இறந்து கல்லறை அறியப்படாத ஏறத்தாழ 4,000 இந்தியப் படையினருக்காக, கால்வாயின் தென்வாயிலான போர்ட் தவ்ஃபீக்கில் 1926-இல் நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது. இரு கற்புலிகள் காவல் நின்ற அச்சின்னம், எகிப்து–இஸ்ரேல் போர்களில் சிதைந்தது. அதற்கு மாற்றாக 1980-இல் கெய்ரோவின் ஹீலியோபோலிஸ் போர்க் கல்லறையில் புதிய நினைவகம் அமைந்தது. 62-ஆம் பஞ்சாபியரின் வழிவந்த பட்டாளம், 1947 பிரிவினையில் பாகிஸ்தானுக்குச் சென்றது. சென்னையில் தொடங்கிய வரலாறு அங்கே வேறொரு நாட்டின் ஏட்டில் தொடர்கிறது. நம் பக்கத்திலோ, பரங்கிமலையிலிருந்து பூந்தமல்லி செல்லும் சாலையில் நந்தம்பாக்கத்துப் போர்க் கல்லறையில், முதல் உலகப் போரில் இறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர் தாங்கிய நினைவுக் கல் நிற்கிறது.

1956 ஜூலை 26-இல் ஜமால் அப்துன் நாஸிர் கால்வாயை நாட்டுடைமை ஆக்கினார். அவ்வாண்டின் படையெடுப்பு முடிந்ததும் ஐ.நா. அமைதிப்படையின் அங்கமாக இந்திய வீரர்கள் மீண்டும் அம்மண்ணில் இறங்கினர். 1967 வரை காஸாவிலும் ஸீனாய் எல்லையிலும் நின்ற அப்படைக்கு இந்தியத் தளபதிகளான கியானியும் ரிக்கியும் தலைமை ஏற்றதுண்டு. 1914-இல் இந்தியச் சிப்பாய் எகிப்தியரைக் கேளாமல் வந்தான்; 1956-இல் எகிப்தின் இசைவோடு வந்தான். முன்னது பேரரசின் பாதையைக் காக்க. பின்னது இருவர் போரிடாமல் இடைநிற்க. ஹுஜுராத் அத்தியாயம் முதலிற் சொல்லும் கடமைக்கு நெருக்கமானது எது என்பதை அறிவுடையோர் அறிவர்.